கோட்டின் மேல் ஒரு கை

தப்பு செய்தாச்சு, தண்டனையும் வாங்கியாச்சு. கணக்கு தீர்ந்ததா?

2010 ஜூலை 2, ஜோகன்னஸ்பர்க். உலகக் கோப்பை கால் இறுதி. கானா 1, உருகுவே 1. கூடுதல் நேரத்தின் கடைசி நொடிகள். கானா வீரர் தலையால் முட்டிய பந்து கோலுக்குள் போய்க்கொண்டிருக்கிறது. கோட்டின் மேல் நின்ற லூயிஸ் சுவாரஸ் (கோல் கீப்பர் இல்லை, சாட்சாத் ஃபார்வர்டு) கையால் தடுத்துத் தள்ளிவிட்டார். அது உள்ளே போயிருந்தால், அரை இறுதிக்குப் போன முதல் ஆப்பிரிக்க நாடு கானா. அந்தப் பெருமை 2022ல்தான் மொராக்கோவுக்குக் கிடைத்தது.

ரெஃப்ரி மேல் குறையே சொல்ல முடியாது. சுவாரஸுக்குச் சிவப்பு அட்டை, கானாவுக்குப் பெனால்டி. அடிக்க வந்தவர் அசமோவா கியான், வயது 24. அதே உலகக் கோப்பையில் செர்பியாவுக்கு ஒன்று, ஆஸ்திரேலியாவுக்கு ஒன்று என்று இரண்டு பெனால்டிகளை உள்ளே போட்டவர். இவரை விட்டால் யாரு?

பந்து மேல் கம்பத்தில் பட்டு எகிறியது. வெளியேறும் வழியில் நின்று பார்த்த சுவாரஸ் துள்ளிக் குதித்தார். ஷூட் அவுட்டில் உருகுவே 4-2.

2022ல் நிருபர்கள் கேட்டபோதும் சுவாரஸ் மன்னிப்புக் கேட்கவில்லை. கை வைத்தேன், சிவப்பு அட்டை வாங்கினேன். பெனால்டியைத் தவறவிட்டது நானில்லையே என்றார். சட்டப்படி இதில் ஓட்டை கிடையாது. ஆனால் நோ பார்க்கிங்கில் தெரிந்தே காரை நிறுத்திவிட்டு, 'அதான் ஃபைன் கட்டிட்டேனே' என்கிறவரிடமும் ஓட்டை கிடையாது. அவருக்கு விதி என்பது வெறும் விலைப்பட்டியல். பர்ஸைப் பிடுங்கியவனைச் சிறையில் போட்டுவிட்டு, பறிகொடுத்தவனிடம் 'இந்தா குலுக்கல் சீட்டு, விழுந்தால் உன் பர்ஸ் உனக்கு' என்று சொன்னால் எப்படி? விழவில்லையென்றால் ஊர் திட்டுவதும் பறிகொடுத்தவனைத்தான்.

கியான் என்ன செய்தார் தெரியுமா? சில நிமிஷத்தில் தொடங்கிய ஷூட் அவுட்டில் கானாவின் முதல் உதைக்கு அவரே வந்தார். கோல்! கால் நடுங்கியிருக்காதா? எனக்கு அந்த ராத்திரியின் பெரிய விஷயம் அதுதான். ஆட்டம் முடிந்து சுவாரஸைப் பற்றிக் கேட்டார்கள். அவர் நாட்டுக்கு இப்போது அவர்தான் ஹீரோ என்று சொன்னார், அவ்வளவுதான்.

2012 ஆப்பிரிக்கக் கோப்பை அரை இறுதி, ஜாம்பியாவுடன். இன்னொரு பெனால்டி வீண். கானா தோற்றது. நாட்டுக்காக இனிமேல் பெனால்டி அடிக்காதேப்பா என்று அம்மா கேட்டுக்கொண்டதாகப் பின்னால் அவரே சொன்னார். அந்த வருஷக் கடைசியில் அம்மா விபத்தில் இறந்துபோனார். இத்தாலி, பிரான்ஸ், இங்கிலாந்து, சீனா என்று சுற்றிய கியான், 2019ல் நம்ம கவுகாத்தி அணிக்கும் வந்து ஆடினார். 2023ல் ஓய்வு பெற்றபோது கானாவுக்காக 51 கோல். அந்த நாட்டில் வேறு யாரும் அடித்ததில்லை. ஆனாலும் பெயரைச் சொன்னால் ஞாபகம் வருவது உள்ளே போகாத அந்த ஒரு பந்துதான்.

2022 டிசம்பர் 2, கத்தார். மறுபடி கானா - உருகுவே. கானா மறுபடி ஒரு பெனால்டியைத் தவறவிட்டு 2-0 என்று தோற்று வெளியேறியது. ஆனால், இன்னும் ஒரே ஒரு கோல் போதாமல் உருகுவேயும் வெளியே. பெஞ்சில் சுவாரஸ் ஜெர்சியால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். கேலரியில் கானா ரசிகர்கள் கொண்டாடினார்கள். எனக்கு ஒரு கண் போனாலும் எதிரிக்கு ரெண்டும் போகணும் என்கிற ரகம்தான். திட்டலாம் என்று பார்த்தால் எனக்கு வாய் வரவில்லை.