மேலே உலர்ந்த தானியம்

நம்மிடம் ஓதிச் சென்ற மாணவர் ஒருவர் மனைவி மக்களுடன் அமெரிக்காவில் வாழ்ந்து வருகிறார். அண்மையில் அவர் எழுதிய கடிதம் ஒன்று நம்மைச் சிந்தனையில் ஆழ்த்தியது.

"ஹஜ்ரத், இரவுப் பணியால் எனக்கு உறக்கம் கெட்டுவிட்டது. உடன் பணிபுரியும் நண்பர் ஒரு மிட்டாய்ப் பொட்டலம் தந்தார். பெட்ரோல் நிலையத்திலேயே விற்கிறார்கள். டெல்டா-8 என்று பெயர். செடியிலிருந்து எடுத்தது, சட்டம் அனுமதித்தது என்று அச்சிட்டிருக்கிறார்கள். பன்றியின் ஜெலட்டின் கலந்திருக்கிறதா என்று பார்த்தேன், இல்லை. உண்ணலாமா?"

ஜெலட்டினுக்கு அஞ்சிய அவருடைய பேணுதலைக் கண்டு மகிழ்ந்தோம். ஆயினும் மிட்டாயின் உறையை ஆராய்ந்தவர் அதன் உயிர்நாடியை ஆராயாமல் விட்டுவிட்டாரே என்று கவலையும் கொண்டோம். இப்பொருள் எவ்வாறு பிறக்கிறது என்பதை அறிந்தாலன்றி இதற்கு விடை கூற இயலாது.

கஞ்சாச் செடியில் அதற்கே உரிய வேதிப்பொருள்கள் நூற்றுக்கு மேல் உள்ளன. அவற்றுள் இரண்டு முதன்மையானவை. ஒன்று டெல்டா-9 டி.எச்.சி.; போதை தருவது இதுவே. மற்றொன்று சி.பி.டி.; இது போதை தருவதில்லை. வியப்பு என்னவெனில், இரண்டும் ஒரே கணக்கில் அமைந்தவை: 21 கரி அணுக்கள், 30 ஹைட்ரஜன் அணுக்கள், 2 ஆக்சிஜன் அணுக்கள். அவை கோக்கப்பட்டிருக்கும் முறையில்தான் வேறுபாடு.

2018ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்கா இயற்றிய வேளாண்மைச் சட்டம், உலர்ந்த எடையில் டெல்டா-9 டி.எச்.சி. 0.3 விழுக்காட்டுக்கு மிகாத செடியை 'ஹெம்ப்' எனப் பிரித்துப் பயிரிட இசைவளித்தது. உழவர்கள் மிகுதியாகப் பயிரிட்டனர். சி.பி.டி. மலைபோல் குவிந்தது, விலை சரிந்தது. தேங்கிய சரக்கை என்ன செய்வது என்று திகைத்த வணிகருக்குப் பழைய வேதியியல் ஒரு வழி காட்டியது. சி.பி.டி.யை அமிலத்தைக்கொண்டு போதைப் பொருளாக மாற்றலாம் என்பதை ரோஜர் ஆடம்ஸ் என்னும் அமெரிக்க வேதியியலார் 1940களின் தொடக்கத்திலேயே கண்டிருந்தார். அவ்வாறு மாற்றினால் டெல்டா-8 கிடைக்கும். செடியில் இயற்கையாக இது அணுவளவே உண்டு. கடைகளில் விற்பது பெரும்பாலும் ஆய்வுக்கூடத்தில் பிறந்ததே. டி.எச்.சி.யோடு ஹைட்ரஜனை உலோக வினையூக்கியின் துணையால் சேர்த்தால் எச்.எச்.சி. என்னும் மற்றொன்று பிறக்கும். செடி பாதி, கூடம் பாதியாக உருவாகும் இவற்றை அரைச் செயற்கைப் பொருள்கள் என்பர். டெல்டா-8இன் போதை டெல்டா-9இனும் சற்றுக் குறைவு, எனினும் போதையே.

இனி, மார்க்க நூல்களை ஓதியவர்களுக்கு இங்கே ஒரு பழைய பாடம் நினைவுக்கு வரும். மது தானாகப் புளித்துக் காடியாகிவிட்டால் அது ஆகுமானது என்பதில் இமாம்களிடையே கருத்து வேறுபாடில்லை. மனிதன் ஒன்றை இட்டுக் காடியாக்கினால் ஷாஃபிஈ மத்ஹபில் அது தூய்மையாகாது. ஹனஃபி மத்ஹபில் தூய்மையாகும். பொருளின் தன்மை மாறுவதை 'இஸ்திஹாலா' என்பர். காடி ஆகுமானதற்குக் காரணம், போதை அதை விட்டு நீங்கியமை. ஈண்டு நடப்பதோ நேர்மாறானது. போதையற்றிருந்த ஒன்றில் போதை வலிந்து வருவிக்கப்படுகிறது. மூலப்பொருள் குற்றமற்றது என்று வாதிடுவோர், திராட்சைப் பழமும் குற்றமற்றதே என்பதை மறந்துவிடலாகாது.

'கம்ர்' என்னும் அரபுச் சொல்லின் வேர் மறைத்தலைக் குறிக்கும். அறிவை மறைப்பதால் மதுவுக்கு அப்பெயர். மக்கள் மதுவுக்கு வேறு பெயர் சூட்டி அருந்துவர் என்று நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்ததையும் நாம் அறிவோம். ஹஷீஷ் என்னும் கஞ்சா முஸ்லிம் நாடுகளில் பரவியபோது, இது மதுவன்று, வெறும் தழையே என்று சிலர் சமாதானம் கூறினர். ஹிஜ்ரி 794இல் மறைந்த இமாம் ஸர்கஷீ அவர்கள் அதன் தடையைக் குறித்துத் தனி நூலே யாத்தார்கள். அறிஞர்கள் பெயரைப் பாராமல் விளைவைப் பார்த்தனர்.

அது கிடக்கட்டும், மார்க்கத் தடையை ஒருபுறம் வைத்துவிட்டு, உடலுக்குத் தீங்கில்லையா என்று மட்டும் கேட்டால்?

ஒருமுறை நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். மேலே உலர்ந்திருந்தது, உள்ளே விரல்களில் ஈரம் பட்டது. நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்க வேண்டாமா என்று விற்றவரைக் கேட்டார்கள். இம்மிட்டாய்க்கும் புகைக்குழலுக்கும் உள்ளே கைவிட்டுப் பார்த்தவர்கள் கண்டதும் அதுவே. 2021இல் வெளிவந்த ஓர் ஆய்வில், 10 நிறுவனங்களின் 27 டெல்டா-8 புகைக்குழல் சரக்குகளைச் சோதித்தனர். ஒன்றிலேனும் உறையில் எழுதிய அளவு சரியாக இல்லை. வேதிமாற்றத்தின்போது உண்டாகும் வேண்டாத பக்கப்பொருள்கள் எல்லாவற்றிலும் இருந்தன; உலோகங்களும் கலந்திருந்தன. அவ்வேண்டாப் பொருள்களுள் பலவற்றை உட்கொண்டால் என்ன நேரும் என்பதை எவரும் ஆராய்ந்ததில்லை.

அமெரிக்க உணவு மருந்துத் துறை வெளியிட்ட கணக்கின்படி, 2021 ஜனவரி முதல் 2022 பிப்ரவரி வரை அந்நாட்டு நஞ்சுத் தகவல் மையங்களுக்கு டெல்டா-8 தொடர்பாக 2,362 நிகழ்வுகள் வந்தன. அவற்றுள் 41 விழுக்காடு 18 வயதுக்குட்பட்டோர். ஒரு குழந்தையின் மரணமும் பதிவாயிற்று. 2024 ஜூனில் ஹங்கேரியின் புதாபெஸ்ட் நகரில் இவ்வகை மிட்டாய் உண்டு ஏறத்தாழ 30 பேர் நஞ்சேறித் துன்புற்றனர். மிட்டாயாக உண்ணும்போது போதை ஏற அரை மணி முதல் இரண்டு மணி நேரம் பிடிக்கும். பயனில்லையே என்று மற்றொன்றையும் வாயிலிடுவோர் உண்டு. குழந்தைக்கோ மிட்டாய் என்றால் மிட்டாய்தான்.

செயற்கையாகச் செய்ததெல்லாம் தீது என்று நாம் கூற வரவில்லை. வேதிச்சிகிச்சை பெறுவோரின் குமட்டலைத் தணிக்கச் செயற்கை டி.எச்.சி. மருந்தை அமெரிக்கா 1985இலேயே ஏற்றது. குழந்தைகளின் கொடிய வலிப்பு நோய்களுக்குச் சி.பி.டி. மருந்து 2018இல் ஏற்கப்பட்டது. அவற்றை மருத்துவர் அளந்து தருகிறார்; உள்ளிருப்பதற்கு ஒருவர் பொறுப்பேற்கிறார். பெட்ரோல் நிலையத்துப் பொட்டலத்துக்குப் பொறுப்பேற்பவர் யார்?

சட்டம் அனுமதித்ததே என்பார்கள். 2025 மார்ச்சில் எச்.எச்.சி.யை ஐக்கிய நாடுகளின் போதைப்பொருள் ஆணையம் பன்னாட்டுக் கட்டுப்பாட்டின்கீழ்க் கொணர முடிவு செய்தது. அதே ஆண்டு நவம்பரில் அமெரிக்காவும், செடிக்கு வெளியே உருவாக்கப்படும் இத்தகைய பொருள்களை ஹெம்ப் என்னும் வரையறையிலிருந்து நீக்கி, ஓராண்டுக்குப்பின் நடைமுறைக்கு வருமாறு சட்டத்தைத் திருத்தியது. சட்டம் நாள் குறித்து மாறும். நம் மனச்சான்றும் அந்நாளுக்காகக் காத்திருக்க வேண்டுமா?

தம்பிக்கு நாம் எழுதிய மறுமொழி இது: "அதை உண்ண வேண்டாம். பிறருக்கும் தர வேண்டாம். இரண்டு பிள்ளைகள் உள்ள வீட்டில் மேசைமேல் வைக்காமல் இன்றே அப்புறப்படுத்துங்கள். உறக்கமின்மை ஒரு நோய். அதற்கு மருத்துவரை நாடுங்கள், பணி நேரத்தை மாற்ற இயலுமா என்றும் கேட்டுப்பாருங்கள். கொடுத்த நண்பரை வெறுக்காதீர்கள். அவரும் மேலே உலர்ந்த தானியத்தைக் கண்டு வாங்கியவரே. உள்ளே இருந்த ஈரத்தை அவருக்கும் எடுத்துச் சொல்லுங்கள்."

அறிவு இறைவன் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அதை மறைக்கும் எதனையும், அஃது எப்பெயரில் வரினும் அடையாளம் காணும் தெளிவை அல்லாஹ் நமக்கும் நம் மக்களுக்கும் அருள்வானாக! ஆமீன்.