காணாது கொடுத்தல்

அந்நிய முதலீடு பற்றிய விவாதங்கள் பெரும்பாலும் 'பணம் யாருடையது?' என்ற வினாவோடு தொடங்கி அவ்வினாவோடே முடிந்துவிடுகின்றன. பொருளியலாளருக்கும் படைத்துறையினருக்கும் அது போதுமானதாக இருக்கலாம். அறவியல் நோக்கில் அது பாதி வினாவே. கொடுப்போன் கொள்வோனை எவ்வாறு காண்கிறான் என்ற மறுபாதி பேசப்படுவது அரிது. யாழ்ப்பாணத் தீவுகளில் அண்மையில் நிகழ்ந்த ஒன்று அதனை ஆராய இடந்தருகின்றது.

நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகிய மூன்றும் நாட்டின் பொது மின்வலையமைப்பிலிருந்து விலகி, டீசல் இயந்திரங்களால் மின்சாரம் பெற்று வந்தவை. அவ்வெண்ணெயும் கடல் கடந்தே வரவேண்டும். காற்றும் வெயிலும் வேண்டியமட்டும் கிடைக்கும் நிலத்தில் இஃது ஒரு முரண்பாடாகும். ஆசிய அபிவிருத்தி வங்கியின் உதவியோடு காற்று, சூரியவொளி, மின்கலம், டீசல் ஆகியவற்றை இணைக்கும் கலப்பு மின்திட்டமொன்று வகுக்கப்பட்டு, 2021 சனவரியில் சினோசோர்-இடெக்வின் என்னும் சீனக் கூட்டு நிறுவனத்துக்கு வழங்க அமைச்சரவை இசைந்தது. தன் கரைக்கு அண்மையில் சீனர் கால்பதிப்பதை இந்தியா விரும்பவில்லை. மூன்றாந் தரப்பொன்றின் பாதுகாப்புக் கவலையால் திட்டம் இடைநிறுத்தப்பட்டதாக அவ்வாண்டு டிசம்பரில் சீனத் தூதரகம் அறிவித்தது. 2022 மார்ச்சில் அதே பணியை நன்கொடையாகச் செய்து தர இந்தியா உடன்படிக்கை செய்துகொண்டது. ஏறத்தாழ 11 மில்லியன் டொலர் பெறுமதியான ஒப்பந்தம் பெங்களூர் நிறுவனமொன்றோடு கைச்சாத்தாகியது 2024 மார்ச் முதலாந் திகதியிலே.

கடனுக்குப் பதிலாக நன்கொடை கிடைத்தமையால் நாட்டுக்கு நட்டமில்லை என்பர். கணக்கு அப்படித்தான் சொல்லும். ஆயினும் முதல் இசைவுக்கும் இறுதி ஒப்பந்தத்துக்குமிடையே மூன்றாண்டுகளுக்கு மேல் கழிந்தன. அவற்றுள் 2022ஆம் ஆண்டும் ஒன்று. நாடெங்கும் மக்கள் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற ஆண்டு. சீன நிறுவனம் வேண்டாமென்று கூறியவர் எவரும் நெடுந்தீவில் இருளில் இருக்கவில்லை. மறுத்தவர் ஓரிடத்தில் இருக்க, மறுப்பின் விலையைச் செலுத்தியவர் வேறோரிடத்தில் இருந்தனர். பாதுகாப்புக் கவலை பொய்யென்பது இதன் பொருளன்று. பிறர் பட்டினியைக் கொண்டு நோன்பு நோற்பவன் அந்நோன்பின் பயனைத் தனதென்று கொள்ளலாமா என்பதே கேள்வி.

மறுத்தல் பற்றித் தமிழ் மரபு ஆழ்ந்து சிந்தித்துள்ளது. அதியமான் நெடுமான் அஞ்சியிடம் பரிசில் நாடிச் சென்ற பெருஞ்சித்திரனாரை அவன் நேரிற் காணாது, பொருளை மட்டும் கொடுத்தனுப்பினான். புலவர் அதனை ஏற்கவில்லை. தாம் பரிசிலை வாணிகமாகக் கொண்டவர் அல்லர் என்றும், தம் தகுதியறிந்து தருவது சிறிதாயினும் இனிதென்றும் அவர் கூறியதைப் புறநானூறு பதிவுசெய்கின்றது. பொருளின் அளவையோ வள்ளலின் நாட்டையோ அவர் குறை கூறவில்லை. தம்மைக் காணாமையே குறை. இங்கு ஒரு வேறுபாட்டையும் குறித்தல் தகும்: புலவர் தம் பசியைத் தாமே பொறுப்பதாக மறுத்தார். ஆதலின் அம்மறுப்பு அவருக்கு உரிமையாயிற்று.

தீவுத் திட்டத்தைப் பற்றி வெளிவந்த அறிக்கைகளில் தீவுகள் கடற்பாதைக்கு அண்மையிலுள்ள இடங்களாகவே பெரிதும் இடம்பெற்றன. பெய்ஜிங்கும் புதுடில்லியும் போட்டியாளர், கொழும்பு பெறுநர். மின்விளக்கு எரியவேண்டிய வீட்டுக்காரர் இம்மூவருள் எவருமல்லர்.

இந்நிலையில் முதலீட்டை நன்கொடையைவிடத் தாழ்ந்ததெனக் கொள்ளும் வழக்கமும் மறுபரிசீலனைக்குரியது. சாம்பியாவின் கொங்கோலா செப்புச் சுரங்கக் கம்பனியின் வரலாறு இதற்குப் பொருத்தமானது. ஆங்கிலோ அமெரிக்கன் 2002இல் கைவிட்டுச் சென்ற அதன் பெரும்பங்கை 2004இல் வேதாந்தா நிறுவனம் வாங்கியது. தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையால் தமிழருக்கு நன்கு அறிமுகமான அதே வேதாந்தா. நலிந்த சுரங்கத்தை உயிர்ப்பிக்கும் முதலீடு என்று அது வரவேற்கப்பட்டது. பின்னர், சுரங்கக் கழிவால் தம் நீர்நிலைகள் கெட்டன எனச் சிங்கோலாப் பகுதியின் 1,826 பேர் இலண்டனில் வழக்குத் தொடுத்தனர். அவ்வழக்கை ஆங்கில நீதிமன்றம் விசாரிக்கலாமென ஐக்கிய இராச்சிய உயர்நீதிமன்றம் 2019 ஏப்ரலில் தீர்ப்பளித்தது. 2021இல் நிறுவனம் பொறுப்பை ஒப்புக்கொள்ளாமலே இணக்கம் கண்டது. நியாயம் முழுமையாகக் கிடைத்ததெனச் சொல்வதற்கில்லை. எனினும் அவ்வுழவர்க்கு வழக்குரைக்க ஓர் எதிர்த்தரப்பு இருந்தது. இலாபம் தேடி வந்தவன் வாசலில் நின்று கணக்குக் கேட்கலாம். வள்ளலிடம் கணக்குக் கேட்பவன் நன்றி கொன்றவனாகிறான். வள்ளுவர் ஒப்புரவறிதலையும் ஈகையையும் தனித்தனி அதிகாரங்களாக வகுத்தமை ஈண்டு நினைவுகூரத்தக்கது.

அயலார் பணமே ஆபத்து, தம்மவர் பணம் பாதுகாப்பு என்ற எண்ணத்தையும் யாழ்ப்பாணமே பொய்ப்பிக்கின்றது. 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை அரசினது. பலருக்கு வேலை கொடுத்து, குடாநாட்டின் பெருமையாக விளங்கி, 1990இல் போரினால் மூடப்பட்டது. அதற்காக அகழப்பட்ட சுண்ணக்கல், குடாநாட்டு நன்னீரைத் தேக்கிவைக்கும் கல்லும் ஆகும். குழிகள் எஞ்சியுள்ளன. கிணற்று நீரை நம்பிய தோட்டக்காரருக்கு அக்குழியைத் தோண்டிய பணம் எந்நாட்டது என்பதால் ஆவதென்ன? அத்தொழிற்சாலையை மீட்டியக்கும் பேச்சு எழும்போதெல்லாம் முதலாளி யார் என்பதே முதலில் ஆராயப்படுகின்றது.

காற்றாடியும் சூரியத் தகடும் நிலத்தில் குழி விடுவதில்லை என்பது உண்மை. ஆனால் மின்கலங்கள் தேய்வன. நெடுந்தீவில் பவளக்கல் வேலிகள் நூற்றாண்டுகளாக நிற்கின்றன; மின்கலம் ஒன்றிரண்டு பத்தாண்டுகளில் வலுவிழந்துவிடும். நன்கொடை ஒருமுறை வருவது. புதிய மின்கலத்துக்குப் பணம் வேண்டிவரும் நாளில் தீவார் எந்த வாயிலில் சென்று நிற்பர், பழையதை எந்தப் படகு ஏற்றிச் செல்லும் என்பவற்றை ஒப்பந்தத்தின் இரு தரப்பாரும் அவர்களோடு குறிகட்டுவான் இறங்குதுறையிலேனும் அமர்ந்து பேசியிருக்கலாம்.