நாளை என்னும் சொல்

திருநாளைப்போவார் நாயனாருடைய திவ்விய சரித்திரத்தை நம் சைவ பாடசாலைகளிலே ஆண்டுதோறும் கற்பித்து வருகின்றோம். ஆதனூரிலே புலையர் குலத்தில் அவதரித்த அப்பெருமானார், சிவாலயங்களிலுள்ள பேரிகை முதலிய வாத்தியங்களுக்குத் தோலும் வாரும், வீணைக்கும் யாழுக்கும் நரம்பும், அருச்சனைக்குக் கோரோசனையும் உதவி, தாம் திருவாயிலின் புறத்தே நின்று தொழுதவர் என்பதையும், தில்லைத் தரிசனத்தில் அளவிறந்த காதலுடையராயிருந்தும் தங் குலத்தை நினைந்து நாளைக்குச் செல்வேம் என்று நாட்களைக் கழித்தமையால் அப்பெயர் பெற்றார் என்பதையும் மாணாக்கர் அறிவர். சென்ற ஆண்டு இப்பாடம் நிகழுங்கால் ஏழாம் வகுப்புச் சிறுவனொருவன் எழுந்து, "நாளை என்று சொன்னவர் நாயனாரா, அவரை அப்படிச் சொல்ல வைத்தவர்கள் வேறு ஆட்களா?" என்று வினாவினான். "அவருக்குப் பக்குவங் கூடும்வரையும் சுவாமி காத்திருந்தார்" என்று விடை கூறி, யாம் அடுத்த பாடத்துக்குச் சென்றோம். அவனும் இருந்துவிட்டான். அவ்விடை தவறென்பது அன்றிரவே எமக்குத் தோன்றிற்று. தோன்றியதனை உபாத்தியாய நண்பர்கள் முன் வைத்தற்கு ஓராண்டு சென்றது.

ஒரு மாற்றம் நியாயமானதென்று யாவரும் ஒப்புக்கொண்ட பின்னும் அது செய்யப்படாது கிடத்தல் உலகிற் பெருவழக்கு. அதனை வெளிப்படையாக எதிர்ப்பவரோடு வாதித்தல் எளிது. அவருக்குப் பிரமாணங் காட்டலாம், யுக்தி காட்டலாம். "நீர் சொல்வது முழுதுஞ் சரி, ஆயினும் அதற்குரிய காலம் வரவில்லை" என்பவரோடு வாதித்தலே அரிது. அவர் பெரும்பாலும் நல்லவர், விரதங் காப்பவர், தருமத்துக்குப் பொருள் கொடுப்பவர். நம்முட் பலர் அவரே. ஆதலால் விசாரிக்கத்தக்க வினா யாதெனின், செய்யத்தக்கதென்று அறிந்ததனைத் தாமதித்தல் வெறும் மந்தமோ, அன்றி அதுதானும் ஒரு செயலாய்ப் பாவத்தைப் பயப்பதோ என்பதாம்.

தாமதத்தை ஆதரிப்பவர் சைவராயின் அவர் வாயில் முதலில் வருஞ் சொல் பக்குவம் என்பது. எம் வாயிலும் அதுவே வந்தது. அச்சொல் சித்தாந்தத்துக்கு உயிர்போல்வதாகலின் அதனை எடுத்தாளுமிடத்து எச்சரிக்கை வேண்டும். இருவினையொப்பும் மலபரிபாகமும் வாய்த்தபொழுதே சத்திநிபாதம் நிகழும் என்பது நம் ஆசாரியர் துணிபு. கண்ணிற் படர்ந்த படலம் முற்றுமளவும் வைத்தியன் சத்திரமிடாது காத்திருத்தல் போல என்று உவமையுங் கூறுவர். அவ்வுவமையை உற்றுநோக்குமின். வைத்தியன் காத்திருப்பது அந்நோயாளனுடைய கண்ணின்பொருட்டு. ஒருவன் கண்ணிற் படலம் முற்றவில்லையென்று மற்றொருவன் கண்ணைக் கட்டிவைக்கும் வைத்தியனை யாண்டுங் கண்டிலேம். ஆலய வாயிலிலே ஒருவன் உட்செல்ல விரும்பி நிற்கின்றான். மற்றொருவன் அவனைச் செல்லவொட்டாது தடுக்கின்றான். இவ்விருவருள் மலம் முதிராதிருப்பது யாரிடத்து? தடுப்பவனிடத்தென்பது சிறுவர்க்கும் விளங்கும். அங்ஙனமாகவும் வெயிலில் நிற்பவன் மற்றவனே. ஒருவனுடைய அபக்குவத்துக்கு மற்றொருவன் காத்திருந்து கழுவாய் செய்தல் வேண்டுமென்று மெய்கண்ட சாத்திரம் பதினான்கனுள் யாதொன்றும் விதித்ததாக யாம் அறியேம்.

நம் பாடசாலைகளின் வரலாற்றையே எடுத்துக்கொள்வோம். தாழ்த்தப்பட்ட குலங்களின் பிள்ளைகள் ஏனைப் பிள்ளைகளோடு வாங்கிலே இருத்தலாகாது, நிலத்திலேனும் புறத்திலேனும் இருந்து கற்றல் வேண்டும் என்பது யாழ்ப்பாணத்திற் பலகாலம் வழக்கமாயிருந்தது. நன்கொடை பெறும் பாடசாலைகளிற் சமவாசனம் கொடுக்கப்படல் வேண்டுமென்று 1929 ஆம் ஆண்டளவிற் கல்விப் பகுதியார் கட்டளையிட்டபொழுது, அதனை மாற்றும்படி விண்ணப்பங்கள் எழுதப்பட்டன. சில பாடசாலைக் கட்டடங்கள் தீயிடப்பட்டன. இன்று எந்த வகுப்பறையிலும் வாங்கு ஒரு பொருளாகப் பேசப்படுவதில்லை. வீடு வளவு கொளுத்தத் துணிந்த அளவுக்குப் பெரிதாகத் தோன்றிய காரியம், இரண்டு தலைமுறையின் பின் யாருக்கும் நினைவிலில்லாத அளவுக்குச் சிறிதாயிற்று. ஆனால் நிலத்திலிருந்து கற்று, நிலத்திலிருந்தபடியே படிப்பை விட்டுப் போன பிள்ளைகளுக்கு அவ்வாங்கு எக்காலத்துங் கிடைத்திலது. தாமதம் கழிந்துபோவது தாமதித்தவருக்கே; அதனை அனுபவித்தவருக்கு அதுவே ஆயுள்.

மிஷன் பாடசாலையிற் கற்றவராகிய யாம் இதனை எழுதுமிடத்து, பாதிரிமாரைப் புகழ வந்தீரோ என்பார் உளராவர். அன்று. 1823 இல் வட்டுக்கோட்டையிற் செமினறி தொடங்கிய அமெரிக்க மிஷனாரும் உயர்குல மாணாக்கருடைய சமையலாசாரத்துக்கு இடங்கொடுத்தே தம் பணியைத் தொடங்கினர். பிள்ளைகள் வாராதொழிவர் என்னும் அச்சமே காரணம். நாளை என்னுஞ் சொல் எல்லாச் சமயத்தார்க்கும் பொது.

அரசியலிலும் இஃதே. டொனமூர் ஆணைக்குழுவினர் 1927 இல் இலங்கைக்கு வந்தபொழுது, கல்வியும் பொருளும் இல்லாதாருக்கு வாக்குரிமை கொடுத்தற்குக் காலமாகவில்லை என்று சொன்னவர்களுள், நம் பிள்ளைகளுக்காக இராமநாதன் கல்லூரியையும் பரமேசுவராக் கல்லூரியையும் தந்த சேர் பொன்னம்பலம் இராமநாதனும் ஒருவர். அவருடைய கொடையை மறக்கும் நாக்கு எமக்கில்லை. எனினும் இவ்விடயத்தில் அவர் தவறினார் என்றே சொல்லல் வேண்டும். 1931 இல் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாக்குக் கிடைத்தது. சாதிவேற்றுமையை முன்னின்று கண்டித்த யாழ்ப்பாண வாலிபர் காங்கிரசாரோ, பூரண சுயராச்சியம் தரப்படவில்லையென்று அத்தேர்தலைப் பகிஷ்கரிக்கச் செய்தனர். வடக்கில் நான்கு தானங்கள் 1934 வரையும் வெறுமையாயிருந்தன. சீர்திருத்தக்காரரும், பெரியது வரட்டும் என்று கையிலுள்ளதை ஒத்திப்போடுவர் போலும்.

விளையாட்டரங்கில் இவ்வழக்கு இருக்கமாட்டாதென்று நினைப்போம். பந்துக்குக் குலந் தெரியாது. எம் பாலியத்தில் வெள்ளுடை தரித்து ஆடுங்கால் எமக்குச் சொல்லித் தந்ததும் அதுவே. ஆயின் இந்தியாவிலே பல்வங்கர் பாலு என்பவருடைய சரித்திரம் வேறு கூறும். அவர் தோற்றொழில் செய்யுங் குலத்திற் பிறந்தவர். பூனாவில் ஐரோப்பியருடைய ஆட்டக்களத்திலே நிலஞ் சமன்செய்யும் வேலைக்காரராயிருந்து, அத்துரைமாருக்குப் பந்தெறிந்து எறிந்து நிகரற்ற பந்து வீச்சாளரானார். இந்துக்களின் கிறிக்கெற் அணியார் வெற்றியை விரும்பி அவரைச் சேர்த்துக்கொண்டனர். களத்திலே அவர் தொட்ட பந்தை யாவருந் தொட்டனர். தேநீர் வேளையிலோ அவருக்குப் புறத்தே, தனியே, எறிந்துவிடத்தக்க மண்கிண்ணத்திலே கொடுத்தனர். 1911 இல் இங்கிலாந்துக்குச் சென்ற இந்திய அணியில் நூற்றுக்கு மேற்பட்ட விக்கெற்றுக்களை அவர் வீழ்த்தினார். அதன் பின்னும் அணித்தலைமை அவருக்கு உரியதாகக் கொடுக்கப்படவில்லை. 1920 இல் அவருடைய தம்பியர் விட்டலும் சிவராமும் இவ்வநியாயத்தைக் கண்டித்து ஆட்டத்தினின்றும் விலகினர். 1923 இல் விட்டல் தலைவரானார், இந்துக்கள் வென்றனர். தமையனுக்கு உரியது தம்பிக்குக் கிடைத்ததனை நீதி என்போமோ? நாயனார் முரசுக்குத் தோல் கொடுத்துப் புறத்தே நின்றார்; இவர் தோற்பந்தை எறிந்து புறத்தே நின்றார். இடையிற் சென்ற காலம் ஆயிரம் ஆண்டுக்கு மேல்.

ஆலயங்களைப் பற்றிச் சுருங்கச் சொல்வோம்; அன்பர்கள் அறிந்ததே. திருவிதாங்கூர் மகாராசா 1936 நவம்பரிற் கோயில்களைத் திறந்துவிட்டார். 1939 சூலையில் மதுரை மீனாட்சியம்மன் சந்நிதியில் வைத்தியநாத ஐயர் அடியார் சிலரை அழைத்துச் சென்றார். இலங்கையில் 1957 இலே சட்டம் பிறந்தது. பதினோராண்டு கழித்து, 1968 இல், மாவிட்டபுரத்திலே வெளியில் நின்றோர் சத்தியாக்கிரகஞ் செய்யவேண்டியதாயிற்று. அவர்களை மறித்து நின்றோருக்குத் தலைமை வகித்தவர் கணிதப் பேராசிரியராயிருந்தவரும், 1947 ஆம் ஆண்டு மந்திரிசபையில் அங்கம் வகித்தவருமாகிய சுந்தரலிங்கம். படிப்புப் பரவினாற் காலந் தானே வரும் என்று நம்பும் உபாத்தியாயர்கள் இதனை நினைத்தல் நன்று. 2018 இலே தென்மராட்சிப் பகுதியில் ஓராலயத்துத் தேர் மண்ணகழும் இயந்திரத்தால் இழுக்கப்பட்டது. சிலரை வடத்திற் கைவைக்க விடாமையே காரணமென்று ஒரு சாராரும், இழுத்தற்கு ஆளில்லாமையே என்று மற்றொரு சாராருங் கூறினர். எது மெய்யாயினும், ஆளில்லை என்று சொல்லப்படும் ஊரில் யாரை ஆளாக எண்ணினர் என்று கேட்கலாம்.

இனி, அவசரப்பட்டாற் கலகம் விளையும், கட்டடம் எரியும், சட்டத்தால் மனந் திருந்தாது என்னும் ஆட்சேபத்தைப் புறக்கணித்தல் தகாது. கட்டடங்கள் எரிந்தது மெய்யே. காத்திருத்தல் எல்லாம் பிழையென்றுஞ் சொல்லோம். கூட்டலறியாத பிள்ளைக்குப் பின்னக் கணக்கைக் கற்பியாது காத்திருக்கின்றோம். அங்கே காத்தல் அப்பிள்ளைக்கே பயன்; அதனாற் கூடும் வேலை நமக்கு. இவ்விரண்டும் உள்ளவிடத்துத் தாமதம் பொறுமை எனப்படும். பயன் நமக்கும் நட்டம் மற்றவர்க்குமாயின் அதற்குப் பொறுமை என்னும் பெயர் பொருந்தாது. அது பிறர் பொருளைக் கைக்கொண்டு தவணை சொல்லுதல். கடனாளியே தவணை குறிக்கும் வழக்கு எந்த நியாயத்தலத்திலும் இல்லை. பாலுவின் தம்பியர் செய்தது வேறு. அவர் நட்டத்தைத் தம்மேல் ஏற்றனர்.

திருத்தொண்டர் புராணத்திலே வேறொரு நிகழ்ச்சியுண்டு. திருஞானசம்பந்தமூர்த்தி நாயனார் திருச்சாத்தமங்கையிலே திருநீலநக்கருடைய திருமனையில் எழுந்தருளியபொழுது, உடன்வந்த திருநீலகண்ட யாழ்ப்பாணருக்கும் விறலியாருக்கும் இடங்கொடுக்கும்படி பணித்தருளினார். அவ்வூர்ப் பக்குவத்தை விசாரித்திலர். அன்றிரவே இடம் வேண்டுமென்றார். நீலநக்கர் வேதியர், முத்தீ வளர்ப்பவர். அவர் வேதிகையின் அருகிலேயே இடங் கொடுத்தார். அவ்வேதித் தீ வலஞ்சுழித்து ஓங்கியது. தில்லையிலே நாயனார் புகுந்த தீயோ சுவாமியுடைய ஆஞ்ஞை. அதனை ஆராயும் துணிவு எமக்கில்லை. ஆயினும் முதலாந் தீயைப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறுஞ் சொல்லும் யாம், சாத்தமங்கைத் தீயை நேரம் போதாதென்று விட்டுவிடுகின்றோம். திருப்புன்கூரில் நந்தி விலகியதனைச் சொல்லி வியக்கின்றோம். கல்விடை விலகிய அவ்விடத்திலும் மனிதர் விலகி வழிவிட்டார் என்று சரித்திரங் கூறவில்லை என்பதைச் சொல்வதில்லை.

முன் குறித்த சிறுவனுடைய வினாவுக்கு ஒரு காரணமிருந்ததனைப் பின்பே அறிந்தோம். அவ்வாண்டு வாணிவிழாவுக்குச் சில கிழமை முன் தாயொருவர் எம்மிடம் வந்து, பொங்கலுக்கு அரிசி களைந்து அடுப்பு மூட்டும் பெண்களோடு தாமுஞ் சேர்ந்து செய்யலாமா என்று கேட்டார். ஊரின் நிலைமை யாம் அறிந்தது. யார் முகஞ் சுளிப்பார் என்பதும் அறிந்தது. "அடுத்த வருஷம் பார்ப்போம், பிள்ளை" என்றோம். "சரி, சேர்" என்று சொல்லி அவர் சென்றார். சிறுவன் அவருடைய மகன்.

அவன் இப்பொழுது எட்டாம் வகுப்பிற் படிக்கின்றான். சென்ற திங்கட்கிழமை அவனை அழைத்து, நீ கேட்டது சரியான கேள்வி, யாம் சொன்னது பிழையான விடை என்றோம். தலையசைத்தான், வேறொன்றுஞ் சொல்லவில்லை. இவ்வருடத்து வாணிவிழாவுக்கு இன்னும் மூன்று கிழமை உளது. பொங்கல் வேலைக்குரியோர் பெயர்களை எழுதி அறிவித்தற் பலகையில் ஒட்டியிருக்கின்றோம். அத்தாயின் பெயர் முதலாவதாக உளது. இருவர் வந்து எம்மோடு நெடுநேரம் பேசிச் சென்றனர். ஒருவர் தம் மனைவியின் பெயரை எடுத்துவிடும்படி கேட்டார், எடுத்துவிட்டோம். மற்றப் பெயர்கள் அங்கேயே இருக்கின்றன.