போன வருஷத்துச் சால்வை

மார்கழி விடியலில் அரூரில் பஸ் ஏறுகிறவர்களுக்குத் தோளில் ஒரு துணி வேண்டும். என்னுடையது பக்கத்து மலையூரான சிட்லிங்கில் வாங்கிய பருத்திச் சால்வை; ஓரமெங்கும் லம்பாடிப் பெண்களின் கைத்தையல். திருப்பூரில் பின்னலாடைக் கம்பெனியில் வேலை செய்யும் தங்கை மகள் அதை விரித்துப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "நல்லாருக்கு பெரியம்மா. ஆனா போன வருஷமும் இதையேதான போட்டிருந்தீங்க? இந்த சீசனுக்கு அவங்க புதுசா எதுவும் போடலையா?"

அவள் தொழிலில் அது நியாயமான கேள்விதான். கோடைக்கு ஒரு டிசைன், குளிருக்கு ஒரு டிசைன். ஐரோப்பாவில் பனி விழும்போது போடுகிற ஆடையைத் திருப்பூர் வெயிலிலேயே பின்னி முடித்தாக வேண்டும். இயந்திரத்தில் அமைப்பை மாற்றினால் அடுத்த உருளைத் துணியில் வேறு பூ விழும்.

எனக்கோ அந்தக் கேள்வி பல நாள் மனசைவிட்டுப் போகவில்லை.

பழசு மாறவே கூடாது என்றுதான் நானும் ஒரு காலத்தில் நினைத்தேன். சிட்லிங் அதை மாற்றியது. எருதுகளில் உப்பும் தானியமும் ஏற்றி நாடெங்கும் நடந்த இனம் லம்பாடிகள். ரயில் வந்ததும் அந்த வியாபாரம் படுத்தது. பிறகு மெல்ல மெல்லத் தாண்டா எனும் தங்கள் குடியிருப்புகளில் தங்கினார்கள். சிட்லிங்கில் பெண்கள் பாவாடை, காஞ்சளி ரவிக்கையை விட்டுச் சேலைக்கு மாற, அவற்றில் போட்டுவந்த தையலும் நின்றது. 1993இல் டாக்டர்கள் ரெஜி ஜார்ஜும் லலிதா ரெஜியும் ட்ரைபல் ஹெல்த் இனிஷியேட்டிவ் தொடங்கி இங்கே மருத்துவம் பார்க்க வந்தபோது, அந்தத் தையலை நினைவில் வைத்திருந்தவர்கள் மிகச் சில மூத்த பெண்கள்தான். அவர்களிடம் இளையவர்கள் உட்கார்ந்து கற்றதில்தான் 'போர்கை' என்ற தையல் குழு பிறந்தது. லம்பாடிப் பேச்சில் அந்தச் சொல்லுக்குப் பெருமிதம் என்று பொருள். பாவாடையில் நின்றுபோன தையல் குர்த்தாவிலும் பையிலும் தலையணை உறையிலும் திரும்ப வந்தது. புது உடுப்பு மட்டும் கிடைக்காமல் போயிருந்தால் இந்தக் கலை அந்த மூத்தவர்களோடு மண்ணுக்குள் போயிருக்கும்.

ஆகவே புதுசு எனக்குப் பகையில்லை. சீசனுக்கு சீசன் புதுசு என்கிற அவசரத்தைத்தான் என் மனசு ஏற்கவில்லை. கர்நாடகத்துச் சந்தூரில் இதே இனத்தாரின் லம்பாணித் தையலில் கிலன், வேலே, பாக்யா, மக்கி என்று பதினான்கு தையல்களைச் சொல்கிறார்கள். இழையை எண்ணி ஊசி குத்தும் வேலை. ஒரு தையல் கைக்குப் பழக, அதே பூவைத் திரும்பத் திரும்பப் போட வேண்டும். பழகி வருகிற நேரத்தில் 'அது போன சீசன்' என்று மாற்றச் சொன்னால் விரல் என்றைக்குத்தான் தேறும்? காட்டு வேலை, ஆடு மாடு, பிள்ளைகள் போக மிச்சப்படும் பொழுதில் துணியை மடியில் வைக்கிறவர்கள் சிட்லிங் பெண்கள். அங்கே அறுவடையும் மழையும்தான் சீசன்.

துணியின் நிறம் மாறட்டும், வெட்டு மாறட்டும். இந்தத் தலைமுறை உடுத்துகிற மாதிரி மாறட்டும். தையல் தன் வேகத்தில் நடக்கட்டும். வாங்குகிற நாம்தான் ஒரு சால்வையை நாலைந்து மார்கழிக்குப் போர்த்தப் பழக வேண்டும்.

இதைத் தங்கை மகளிடம் சொன்னேன். அவள் பதில் சொல்லவில்லை. சால்வையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து, ஒரு பூவுக்கு எத்தனை இழை என்று நகநுனியால் எண்ணத் தொடங்கினாள். பாதியில் தவறிப்போக, முதலிலிருந்து எண்ணினாள்.