செவி தந்த சான்று

பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்து படித்த நண்பர் ஒருவர், விருப்ப ஓய்வு பெற்ற பின் தம் மாலைப் பொழுதுகளை இசைக்கே ஒதுக்கிவிட்டார். சென்ற ஆண்டு அவர் இல்லத்திற்குச் சென்றிருந்தபோது, ஆம்ப்ளிஃபயரிலிருந்து இரு ஸ்பீக்கர்களுக்கும் புதிய கேபிள் போட்டிருந்தார். பெருவிரல் பருமன், மேலே பாம்புத் தோலைப் போன்ற பின்னல் உறை. விலையைக் கேட்டபோது சற்றுத் தயங்கிப் பிறகே சொன்னார். அவ்விரு ஸ்பீக்கர்களின் விலையில் பாதி அது! முதலில் பழைய ஒயரிலேயே லால்குடி ஜெயராமனின் வயலினைக் கேட்கச் செய்தார். பின்னர் ஒலியைக் குறைத்து, புதிய கேபிளை மாட்டி, மீண்டும் ஒலியைக் கூட்டினார். “கேட்டாயா? வயலின் தனியாக முன்னால் வந்து நிற்கிறது!” என்றார். கேட்டேன். உண்மையாகவே வயலின் முன்னால் வந்து நின்றது. “ஆம், நன்றாகத் தெரிகிறது” என்றேன்.

உடனிருந்த இளைஞர் ஒருவர் அப்போது என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நண்பரிடம் முன்பு வேலை பழகியவர் அவர். அடுத்த மாதமே தம் போனஸ் பணத்தில் அதே கேபிளை வாங்கிவிட்டார் என்று பின்னர் அறிந்தேன். “நீங்களும் கேட்டதாகச் சொன்னீர்களே” என்பது அவர் எனக்குச் சொன்ன காரணம். என் ஒற்றைச் சொல் ஓர் ஏழைக் குடும்பத்துப் பிள்ளையின் பணப்பையைத் திறந்திருக்கிறது. அன்று நான் சொன்னது உண்மைதானா?

கேபிளால் ஒலி மாறவே மாறாது என்று சொல்லிவிட முடியாது. செம்புக்கும் மின்தடை உண்டு. ஐந்து மீட்டர் தூரத்திற்கு 24 கேஜ் என்னும் மெல்லிய கம்பியை இழுத்தால், போக வர ஏறத்தாழ 0.85 ஓம் தடை சேரும். எட்டு ஓம் ஸ்பீக்கருக்கு அது பொருட்படுத்த வேண்டிய அளவே. ஸ்பீக்கரின் தடை எல்லாச் சுரங்களுக்கும் ஒன்றுபோல் இராமல் ஏறி இறங்குவதால், ஒலியின் அளவோடு அதன் நிறமும் சற்று மாறும். ஆனால் சாதாரணக் கடையில் கிடைக்கும் 16 கேஜ் செம்புக் கம்பியைப் போட்டால் அதே தூரத்திற்குத் தடை 0.13 ஓம்தான், ஒலி இழப்பு ஏழில் ஒரு டெசிபெல் அளவுக்கும் குறைவு. அதற்கு மேல் பணத்தைக் கொட்டி அந்தச் சிற்றளவில் எதை மிச்சப்படுத்துவது? இசைத்தட்டு முள்ளிலிருந்து வரும் கேபிளின் கதை வேறு. அங்கே கேபிளின் மின்தேக்கம் மேல் சுரங்களை உண்மையிலேயே மாற்றக்கூடும். உறை கிழிந்த கேபிள் இரைச்சலை வாங்கும் என்பதும், களிம்பேறிய பிளக் கரகரக்கும் என்பதும் எல்லாரும் அறிந்தவையே.

அமெரிக்காவின் ‘ஸ்டீரியோ ரிவ்யூ’ இதழ் 1983ஆம் ஆண்டு ஆகஸ்டில் லாரன்ஸ் கிரீன்ஹில் என்பவர் நடத்திய சோதனை ஒன்றை வெளியிட்டது. விலையுயர்ந்த தடித்த கேபிள், 16 கேஜ் கம்பி, 24 கேஜ் கம்பி ஆகிய மூன்றும், எது எதுவெனக் கேட்போர் அறியாதவாறு ஒப்பிடப்பட்டன. மெல்லிய கம்பியைச் செவிகள் கண்டுபிடித்தன. ஆனால் இசையைக் கேட்கும்போது, தடித்த கேபிளையும் 16 கேஜ் கம்பியையும் நம்பத்தக்க விதத்தில் பிரித்தறிய அவர்களால் இயலவில்லை. பிற்காலத்தில், 2007இல், ஜேம்ஸ் ராண்டி பத்து லட்சம் டாலர் பரிசை முன்வைத்து, 12 அடி இணை ஒன்றுக்கு 7,250 டாலர் விலையுள்ள கேபிளைச் சாதாரணக் கேபிளிலிருந்து பிரித்தறியுமாறு அறைகூவினார். பேச்சு நீண்டதே தவிர, அச்சோதனை நடைபெறவே இல்லை.

அப்படியானால் அன்று வயலின் முன்னால் வந்து நின்றதே, அது என்ன? நண்பர் ஒலியைக் குறைத்துப் பின் கூட்டினார் அல்லவா? கைக்கணக்கில் அது முன்பைவிட அரை டெசிபெல் கூடியிருந்தால் போதும். அவ்வளவு சிறிய கூடுதலைச் செவி ‘சத்தம் அதிகம்’ என்று உணராது. ‘தெளிவு’ என்றே உணரும். அதோடு நண்பரின் ஆர்வம், கேபிளின் பருமன், கேட்டறிந்த விலை எல்லாம் சேர்ந்து என் செவிக்குள் புகுந்திருக்க வேண்டும். கண்ணால் காண்பதும் காதால் கேட்பதும் பொய் என்று பழமொழி கூறுவதை ஒப்புக்கொள்ள எனக்கு விருப்பமில்லை. நான் கேட்டது பொய்யன்று. வயலின் முன்னால் வந்ததை நான் அனுபவித்தேன். அதற்குக் காரணம் கேபிள்தான் என்று அடுத்த நொடியே தீர்ப்பிட்டதில்தான் தவறு நுழைந்தது.

ஏறக்குறைய 395ஆம் ஆண்டில் பொய்யைக் குறித்துத் தனி நூலே எழுதிய புனித அகுஸ்தினார், தாம் மெய்யென நம்புவதைச் சொல்பவர், அது மெய்யாக இராவிட்டாலும், பொய்யர் ஆகார் என்கிறார். இங்கே நானும் நண்பரும் நிம்மதிப் பெருமூச்சு விடலாம். ஆனால் அவர் அங்கே நிறுத்தவில்லை. நம்பத் தகாததை நம்புகிறவரும், அறியாததை அறிந்ததாக எண்ணுகிறவரும் பொய் சொல்லாவிடினும் குற்றமற்றவர் அல்லர் என்றும் சேர்க்கிறார். பதினாறு நூற்றாண்டுகளுக்கு முன் எழுதப்பட்ட அவ்வரிகளைச் செமினரி நாட்களில் தேர்வுக்காகப் படித்தேன். அவை என்னைக் குறிப்பவை என்று அப்போது தோன்றவில்லை.

நண்பரைச் சோதித்துவிடலாமா என்று எண்ணினேன். அவர் அறியாமல் பழைய ஒயரை மாட்டிவிட்டு, “இப்போது எப்படி?” என்று கேட்பது எளிது. 1904இல் ராபர்ட் வுட் என்னும் இயற்பியலாளர் பிரான்சின் நான்சி நகருக்குச் சென்று அவ்வாறுதான் செய்தார். புளோண்லோ என்னும் அறிஞர் புதிய கதிர் ஒன்றைக் கண்டதாக முந்தின ஆண்டு அறிவித்திருந்தார். இருட்டறையில் கருவியின் முக்கியப் பட்டகத்தை வுட் ஓசையின்றி எடுத்துவிட்டார். அதன் பின்னும் கதிரை முன்போலவே காண்பதாகப் புளோண்லோ கூறினார். அறிவியல் பிழைத்தது, ஆனால் நேர்மையான ஒரு மனிதர் உலகின் முன் தலைகுனிந்தார். என் நண்பருக்கு அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை. ஒருவர் சம்மதித்துத் தம் கண்ணைத் தாமே கட்டிக்கொள்வது வேறு. அவரை வலையில் விழச் செய்வது வேறு.

ஆகவே அவரிடமே கேட்டேன். முதலில் முகம் சிவந்தார், பின் இசைந்தார். பொறியியல் படிக்கும் அவர் மகள் பொறுப்பேற்றார். ஒலி அளவைக் கருவி கொண்டு சமன் செய்து, பின்புறத்தைத் துண்டால் மறைத்து, ஒவ்வொரு முறையும் நாணயம் சுண்டி அதன்படி கேபிளை மாட்டிவிட்டு அறையை விட்டு வெளியேறினார். பதினாறு முறை. வெறும் ஊகத்தால் பன்னிரண்டும் அதற்கு மேலும் சரியாக அமைய நூற்றுக்கு நான்குதான் வாய்ப்பு என்பதால், பன்னிரண்டு என்று எல்லை வைத்தோம். நண்பர் ஒன்பது முறை சரியாகச் சொன்னார், நான் ஏழு. ஒன்பதோ அதற்கு மேலோ கிடைக்க, ஊகத்திற்கே நூற்றுக்கு நாற்பது வாய்ப்பு உண்டு. கேபிள் மாற்றும் இடைவெளியில் முந்தின ஒலி நினைவிலிருந்து நழுவிவிடுகிறது என்றார் நண்பர். அது நியாயமான வாதமே. ஒரு மாலைச் சோதனை எல்லாச் செவிகளுக்கும் தீர்ப்பாகாது. ஆனால் அன்று மாலை கேபிள் மாற்றிய பிறகும் அதே இடைவெளி இருந்தது. அப்போது நாங்கள் இருவருமே தயங்கவில்லை.

இனி அந்த இளைஞரிடம் சொல்வதா? “அவன் மகிழ்ச்சியாகக் கேட்டுக்கொண்டிருக்கிறான். அதை ஏன் கெடுக்க வேண்டும்?” என்றார் நண்பர். அவ்வாறே விட்டுவிட எனக்கும் ஆசைதான். ஆனால் அவர் அடுத்ததாக, அதே வகையில் ஒரு மின்சாரக் கேபிளுக்குப் பணம் சேர்த்துக்கொண்டிருந்தார். நானே சென்று நடந்ததைக் கூறினேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். நெடுநேரம் ஸ்பீக்கரையே பார்த்துக்கொண்டிருந்தவர், மரியாதை குறையாத குரலில், “அன்றைக்கு நீங்கள் தலையசைத்த பிறகுதான் ஃபாதர், எனக்கும் அது கேட்டது” என்றார்.