தந்தையின் கையும் பற்றறுத்தலும்



பற்றுகளை விடுவதே வீட்டுக்கு வழி என்று கற்ற குடும்பங்களில் ஓர் ஐயம் எழுவதுண்டு. மக்கள் மீதுள்ள மோகம் வினையைக் கட்டும் என்று சாத்திரம் கூறும்போது, குழந்தையோடு தரையில் அமர்ந்து காற்றாடி செய்யும் தந்தை நெறியினின்று சற்றே விலகுகின்றானோ? இந்த ஐயத்தையே கேடயமாக ஏந்தி, "உணவும் உடையும் பள்ளிக் கட்டணமும் தருகின்றேன், கடமை தீர்ந்தது" என்று செய்தித்தாளுக்குப் பின்னால் மறைந்துகொண்ட தந்தையரை நாம் கண்டிருக்கின்றோம். இன்று செய்தித்தாளின் இடத்தைக் கைப்பேசி பெற்றுள்ளது.

விடையை நாம் வெளியே தேடவேண்டுவதில்லை. ஆதிபகவனின் வரலாற்றிலேயே அது உள்ளது. அரசராயிருந்த காலத்தில் விருஷபதேவர், தம் புதல்வியர் பிராமி, சுந்தரி இருவரையும் மடியில் அமர்த்திக்கொண்டு, வலக்கையால் ஒருத்திக்கு எழுத்தையும் இடக்கையால் மற்றவளுக்கு எண்ணையும் எழுதிக் காட்டினார். ஆசிரியரை அமர்த்த இயலாத வறுமை அவருக்கில்லை! எழுத்து இடமிருந்து வலமாகச் செல்வதும், எண்ணில் ஒன்று, பத்து, நூறு என்னும் இடமதிப்பு வலமிருந்து இடமாக உயர்வதும் இதனாலேயே என்று பெரியோர் கூறுவர். வகுப்பில் இடமதிப்புக் கற்பித்த நாள்களில் இக்கதை நமக்குப் பெரிதும் கைகொடுத்தது.

அவ்விருஷபதேவரே பின்னர் அனைத்தையும் துறந்து முனிவரானார். மடியில் அமர்ந்து கற்ற புதல்வியர் இருவரும் ஆர்யிகைகளாயினர். அந்த நெருக்கம் அவரையும் கட்டவில்லை, அவர்களையும் கட்டவில்லை. 'இவன் என்னுடையவன், என் எண்ணப்படியே வளரவேண்டும்' என்பதே மோகம். கையறிவைக் கொடுத்துவிட்டு ஒதுங்குதல் தானத்தின் பாற்படும். கடையில் வாங்கிக் குவிக்கும் விளையாட்டுப் பொருள்களோ பரிக்கிரகத்தையே பெருக்குகின்றன. தென்னங்கீற்றில் முடைந்த காற்றாடி மாலைக்குள் வாடிவிடும். மறுநாள் குழந்தை தானே ஒன்று முடையும்.

1937இல் வார்தாவில் காந்தியடிகள் முன்வைத்த ஆதாரக் கல்வி கைத்தொழிலை நடுவில் நிறுத்தியது. ஆசிரியப் பயிற்சியில் நாம் தக்களி சுழற்றியது அதன் வழி வந்ததே. அங்கு நாம் கண்ட உண்மை ஒன்றுண்டு. நேருக்கு நேர் நிறுத்தி வினவினால் வாய் திறவாத பிள்ளை, கையில் வேலை இருக்கும்போது தானாகவே பேசும்.

மன்னார்குடியில் வாழும் நம் குடும்பங்களுக்கு இதற்கான வாய்ப்புகள் குறைவல்ல. மல்லிநாத சுவாமி ஜினாலயத்திற்குப் புறப்படுமுன் தந்தையும் குழந்தையும் சேர்ந்து சந்தனம் அரைக்கலாம். தட்டில் அரிசியால் சுவஸ்திகம் இட்டு, நாற்கதி, மும்மணி, சித்தசிலை ஆகியவற்றைப் பிஞ்சு விரல் பிடித்துக் காட்டலாம். பாமணியாற்றில் நீர் வரும் காலத்தில் வாய்க்காலில் காகிதக் கப்பல் விடலாம். பட்டமும் நன்றே, ஆனால் வெறும் பருத்தி நூல் போதும். பறவைகளின் சிறகறுக்கும் மாஞ்சா நூலை 2017இல் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் நாடு முழுவதும் தடை செய்தது. நமக்கோ அதற்குத் தீர்ப்பாயம் தேவையில்லை.

எல்லாவற்றிலும் மேலாக நாம் கருதுவது நீர் வடிகட்டுதல். கிணறுள்ள வீட்டார் இதை அடுக்களைப் பெண்டிரின் வேலையென்று தள்ளிவிடுகின்றனர், ஏனோ தெரியவில்லை. ஞாயிறன்று தந்தை வாளியால் நீர் இறைக்கட்டும். கெட்டித் துணியை இரண்டாக மடித்துக் குடத்தின் வாயில் குழந்தை பிடிக்கட்டும். துணி நழுவும், கால்கள் நனையும், சிரிப்பு எழும். வடித்து முடிந்தபின் துணியைத் திருப்பி, வடிகட்டிய நீரையே அதன்மேல் மெல்ல ஊற்றி, அந்நீரை அதே கிணற்றில் சேர்க்கவேண்டும். "ஏன் அப்பா அங்கேயே ஊற்றவேண்டும்?" என்று குழந்தை கட்டாயம் கேட்கும். கண்ணுக்குப் புலப்படாத உயிர்களுக்கும் ஓர் இருப்பிடம் உண்டு என்று அப்போது தந்தை தம் வாயாலேயே சொல்லவேண்டும். பாடநூலில் பத்து முறை படித்த அகிம்சை அந்த ஒரு விடையில் குழந்தையின் உள்ளத்தில் இறங்கும். வடித்த நீர் 2 நாழிகை, அதாவது 48 நிமிடம், கழிந்தால் மீண்டும் வடிக்கப்படவேண்டும் என்னும் விதியைக் கடிகாரம் பார்க்கும் பயிற்சியாகவும் ஆக்கலாம்.

சிங்கப்பூரிலும் வளைகுடா நாடுகளிலும் பணிபுரியும் தந்தையர் இவ்வூர்ப் பக்கத்தில் பலர். அவர்களிடம் நாள்தோறும் என்று நாம் எப்படிக் கேட்பது? வயிற்றுப்பாட்டிற்காகப் பிரிந்திருப்போரைக் குறை கூறுதல் அறமாகாது. ஆயினும், ஆடியில் விடுப்பு வாய்த்தவர் கொல்லையில் குழந்தையின் கையால் நான்கு அவரை விதைகளை ஊன்றச் செய்து, பந்தலுக்குக் கழியும் நட்டுவிட்டுப் புறப்படலாம். கொடி பந்தல் ஏறியதையும் முதற்பூ விட்டதையும் குழந்தை தொலைபேசியில் சொல்லட்டும். தந்தை அவசரப்படாமல் கேட்கட்டும்.