பெட்டி செத்துவிட்டது என்று யார் சொன்னது?

ஆயுத பூஜையன்று டிவிக்கும் சந்தனம் குங்குமம் வைக்கிற வீடுகள் உண்டு. அதே டிவியில் படம் வராமல் போனால் மறுமாதமே காயலான் கடைக்குப் போகிறது. ஏன் வரவில்லை என்று யாரும் கேட்பதில்லை. பொட்டு வைத்தபோதும் யோசிக்கவில்லை, தூக்கிப் போட்டபோதும் யோசிக்கவில்லை.

2006இல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் ஒரு கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குல வண்ண டிவி போய்ச் சேர்ந்தது. பிறகு கேபிள் சட்டம் திருத்தப்பட்டது. 2012இல் பெருநகரங்களில் தொடங்கிய டிஜிட்டல் மாற்றத்தைக் கிராமம்வரை முடிக்க 2017 மார்ச் 31 கெடு. கேபிளை நேரே செருகியிருந்த டிவிகளில் புள்ளியும் இரைச்சலும்தான் மிஞ்சின. "பழைய டிவி, இனி ஓடாது" என்று தீர்ப்பு எழுதிவிட்டோம். இதுவும் மூடநம்பிக்கைதான். மாறியது கம்பியில் வரும் சமிக்ஞை. படக்குழாய்க்கு ஒன்றும் ஆகவில்லை.

அந்தப் புதிய சமிக்ஞையை டிவிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் செட்டாப் பாக்ஸின் பின்னால் பாருங்கள். மஞ்சள் துளை படத்துக்கு, வெள்ளையும் சிவப்பும் ஒலிக்கு. ஏவி வயரால் இவற்றை டிவியின் அதே நிறத் துளைகளோடு இணையுங்கள். சின்ன டிவிகள் பலவற்றில் மஞ்சளும் வெள்ளையும்தான் இருக்கும். சிவப்பு பின்னைச் சும்மா விட்டுவிடலாம். டிவி ரிமோட்டில் ஏவி பட்டனை அழுத்தினால் படம் வந்துவிடும். பாக்ஸில் எச்டிஎம்ஐ மட்டுமே இருந்தால், எச்டிஎம்ஐயிலிருந்து ஏவிக்கு மாற்றும் சிறு கருவி கிடைக்கிறது. திசையைச் சொல்லி வாங்குங்கள், தலைகீழானது உதவாது. மாதக் கட்டணம் கட்ட முடியாதவர்களுக்கு தூர்தர்ஷனின் ஃப்ரீ டிஷ் இருக்கிறது.

"என் காசு, என் டிவி, தூக்கிப் போடுவது என் உரிமை" என்பவர்களிடம் ஒன்று கேட்கிறேன். அந்தப் படக்குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. கழுத்தில் சுற்றியிருக்கும் செம்புக் கம்பிக்காக அதைச் சுத்தியலால் உடைக்கிறவரின் மூச்சில் அந்த ஈயத் தூசியை ஏற்றும் உரிமையை உங்களுக்கு யார் தந்தது? கழிவைத் தொடுவது இன்னாருடைய வேலை என்று பிறப்பைப் பார்த்து ஒதுக்கிய சமூகம் நம்முடையது. குப்பை வாசலைத் தாண்டியதும் நம் பொறுப்பு தீர்ந்தது என்ற நினைப்பு அங்கிருந்துதான் வருகிறது.

பழைய டிவி மின்சாரம் கூடத்தான் இழுக்கும். நாள் முழுக்க ஓடுகிற வீட்டில் அதைக் கணக்குப் பார்த்து முடிவெடுங்கள். மாற்றுவதென்றால், ஓடுகிற பெட்டியை டிவி இல்லாத ஒரு வீட்டுக்கு, வயரோடு கொடுங்கள், ஏவி பட்டனையும் காட்டுங்கள். குழாயே போய்விட்டால் பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் உடைக்காமல் முழுதாகச் சேர்த்துவிடுங்கள்.